மக்களிடம் கற்ற பேராசிரியர்

குடிநீர், சாலை, காவல் போன்ற பொதுப்பணிகளை ஒழுங்காக நடத்தும் முறையே பொது நிர்வாகம். அதனை ஆராய்வது அரசியல் அறிவியலின் ஒரு பிரிவு. அத்துறைக்குப் புது வழி காட்டியவர் பேராசிரியர் எலினார் ஆஸ்ட்ரம்.

எலினார் 1933ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிறந்தார். அவர் பயின்ற பள்ளியில், கணக்கில் மிக உயர்ந்த மதிப்பெண் பெறாத மாணவியர்க்கு முக்கோணவியல் வகுப்பில் இடமில்லை. பின்னாளில் அவர் பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்தபோது, கணிதப் பயிற்சி போதாது என்று மறுத்துவிட்டனர். எலினார் மனம் தளராமல் அரசியல் அறிவியல் துறையில் சேர்ந்தார். நிலத்தடி நீரை மக்கள் பகிர்ந்துகொள்ளும் முறையை ஆராய்ந்து 1965இல் முனைவர் ஆனார்.

அவ்வாண்டே கணவர் வின்சென்ட்டுக்கு இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பணி கிடைத்தது. காலை 7.30 மணி வகுப்பை நடத்த ஆசிரியர் தேவைப்பட்டபோதுதான் எலினாரை அழைத்தனர். அதுவே அவருடைய பேராசிரியர் வாழ்வின் தொடக்கமாயிற்று.

சிறிய காவல்துறைகளை ஒன்றாக இணைத்தால் பணி சிறக்கும் என்று பலர் கருதிய காலம் அது. எலினார் தம் மாணவர்களுடன் இண்டியானாபோலிஸ் பகுதி மக்களின் அனுபவத்தைக் கேட்டறிந்தார். சிறிய காவல்துறைகளின் பணி பெருநகரக் காவல்துறையின் பணிக்குக் குறைந்ததன்று என்பது புலனாயிற்று.

நேபாளத்தில், உழவர்களே அமைத்த எளிய வாய்க்கால்களில் கடைமடைவரை நீர் சென்றது. அரசு கட்டிய உறுதியான கால்வாய்கள் பலவற்றில் அவ்வாறு செல்லவில்லை. காரணம் என்ன? உழவர்களின் தடுப்பணையை அடிக்கடி செப்பனிட வேண்டியிருந்தது. அதற்குக் கடைமடையாரின் உழைப்பும் தேவைப்பட்டது. ஆகவே, தலைமடையார் அவர்களுக்கும் நீர் விட்டனர். உறுதியான கால்வாய் வந்தபின் அத்தேவை குறைந்தது, நீர்ப்பங்கும் குறைந்தது. கட்டடத்தை மட்டும் பார்த்தவர்களுக்குப் புலப்படாத இவ்வுண்மை, மக்களை உற்றுநோக்கிய எலினாருக்குப் புலப்பட்டது.

2009இல் அவருக்கும் ஆலிவர் வில்லியம்சனுக்கும் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண் எலினாரே. ஒரு காலத்தில் அவருக்கு இடம் மறுத்த துறையும் அதுவே. அவர் 2012இல் மறைந்தார்.

சொற்பொருள்
தலைமடை – வாய்க்காலின் தொடக்கத்திலுள்ள வயற்பகுதி
கடைமடை – வாய்க்காலின் இறுதியிலுள்ள வயற்பகுதி
செப்பனிடுதல் – பழுது நீக்குதல்

பயிற்சி
1. எலினாருக்குப் பொருளியல் துறையில் ஏன் இடம் மறுக்கப்பட்டது?
2. தலைமடை உழவர் கடைமடைக்கு நீர் விட்டதன் காரணம் யாது?
3. உங்கள் குடியிருப்பில் பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் ஒன்றை யார், எவ்வாறு பேணுகின்றனர்? கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.