மூன்று தூண்டில் ஓடும்போது மீன் கடித்தால்...



வஞ்சிரம், சூரை பிடிக்கப் படகை ஓட்டிக்கொண்டே தூண்டில் இழுக்கும்போது பின்னால் இரண்டு மூன்று நரம்புகள் ஓடும். ஒன்றில் மீன் கடித்ததும் எல்லாருடைய கண்ணும் அதன்மேல்தான். மற்ற நரம்புகள் சிக்குவதும் அப்போதுதான். இன்ஜின் விசிறியில் சுற்றினால் மீனும் போச்சு, கடன் போட்டு வாங்கிய நரம்பும் போச்சு. படகும் நடுக்கடலில் நிற்கும்.

என்ன செய்யணும்?

1. கடித்ததும் சத்தமாகச் சொல்லுங்க. இன்ஜினைச் சட்டென்று நிறுத்தாதீங்க, வேகத்தை மட்டும் குறையுங்க. படகு நின்றால் மற்ற நரம்புகள் தொய்ந்து விசிறிப் பக்கம் போகும்.

2. ஒருவர் மீன் நரம்பைப் பிடிக்கட்டும். இன்னொருவர் மற்ற நரம்புகளை இழுத்துக் கூடையில் போடட்டும். மீனுக்குப் பக்கத்து நரம்பு முதலில்.

3. நரம்பைக் கையில் சுற்றவே கூடாது. பெரிய மீன் பாய்ந்தால் விரல் போய்விடும். கையுறை போடுங்க. மீன் ஓடினால் விட்டுக் கொடுங்க, தளர்ந்தால் இழுங்க.

4. மீன் படகின் பக்கவாட்டில் வரட்டும். கிட்டே வந்ததும் இன்ஜினை நியூட்ரலில் போட்டு, கொக்கியால் தூக்குங்க.

படகில் இரண்டு பேர்தானா? இரண்டு நரம்புக்கு மேல் வேண்டாம்.

யாருக்கு எந்த வேலை என்று கரையிலேயே பேசி முடிவு பண்ணுங்க. கடலுக்குப் போகாத சகோதரிகளும் இதை வீட்டில் சொல்லுங்க.