உறக்கத்தைக் கலைக்கும் நடுக்கம்

கேள்வி: நிலநடுக்கத்தில் உறவுகளை இழந்து, காயத்தோடு பிழைத்தவர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் சிறு அதிர்வுக்கே விழித்துக்கொள்வது ஏன்?

பதில்: மராட்டியத்தின் கில்லாரி வட்டாரத்தில், விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு ஊர் அயர்ந்து உறங்கிய 1993 செப்டம்பர் 30 அதிகாலை 3.56 மணிக்கு நேர்ந்த நிலநடுக்கம், சேற்றுமண் வைத்துக் கட்டிய தடித்த கற்சுவர்களையும் மண் பரப்பிய கனத்த கூரைகளையும் உறங்கியவர்கள் மீதே சரித்தது. இத்தகைய பேரச்சத்தைப் பதியவைத்துக்கொள்ளும் மூளைப்பகுதியான அமிக்டலா மிகையாக விழிப்புற்றிருப்பதால், லாரி கடக்கும் அதிர்வுகூட அபாயமாகவே உணரப்படுகிறது. பழைய எலும்புமுறிவின் வலி உறக்கத்தைக் கெடுக்க, கெட்ட உறக்கம் வலியை மிகுவிக்க, அந்த விழிப்பில் இறந்தவர்களின் நினைவும் வந்து சேர்கிறது. இதைக் கோழைத்தனம் என்பது அறியாமை. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு எனப்படும் இந்நிலைக்கு, அஞ்சும் நினைவைப் பாதுகாப்பான சூழலில் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் உளச்சிகிச்சை பலருக்கும் பயனளிக்கிறது. எனினும் வலிக்கான மருத்துவமும் உடன் நடந்தாக வேண்டும்.