இன்சுலின் மாட்டிலிருந்து வருகிறதா?



திருமுறை வகுப்பு முடிந்து பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது இனிப்பு நீர் பற்றிய பேச்சு வராத வாரமே இல்லை. அதில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "இன்சுலின் ஊசியை மாட்டுக் கணையத்திலிருந்துதான் எடுக்கிறாங்களாமே, கோயிலுக்குப் போற நாம அதைப் போட்டுக்கலாமா?" இன்னொருவர், "மாடு இல்லைங்க, பன்றி" என்பார். ஊசிக்குப் பயந்தவர்களுக்கு இது ஒரு நல்ல சாக்காகிவிடும். கிளினிக்கில் கொடுத்த மருந்து ஐஸ்பெட்டியில் கிடக்கும். இரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கிட்டே போகும். பிறகு கண், சிறுநீரகம், கால் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும்.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. முக்கிய இனங்களில் இந்தியர்களிடம்தான் அது அதிகம். அதனால் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் நம் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நான் இரசாயனப் பொறியியல் மாணவன், மருத்துவம் படிப்பவன் அல்ல. ஆனால் இந்தப் பதிலில் பாதி எங்கள் பாடத்தில்தான் இருக்கு.

முதலில் ஒன்று. அந்தப் பேச்சு சும்மா கிளம்பியது அல்ல, ஒரு காலத்தில் அது உண்மை. 1921-இல் கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் ஃபிரடெரிக் பேன்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் நாய்களை வைத்து ஆய்வைத் தொடங்கி, பிறகு மாட்டுக் கணையத்துக்கு மாறினார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். மருந்தில் அழுக்கு அதிகம் இருந்ததால் ஒவ்வாமை வந்தது. ஜேம்ஸ் கோலிப் அதைச் சுத்தப்படுத்திக் கொடுத்தார். இரண்டு வாரத்துக்குள் மறுபடியும் போட்டபோது சர்க்கரை இறங்கியது. அதற்கு முன்பு அந்த வகை நீரிழிவு வந்த பிள்ளைகளைக் கிட்டத்தட்ட பட்டினி போட்டுத்தான் கொஞ்ச நாள் உயிரோடு வைத்திருந்தார்கள்.

அதன்பின் அறுபது ஆண்டுகள் உலகமே மாட்டையும் பன்றியையும் நம்பி இருந்தது. 8 அவுன்ஸ் இன்சுலின், அதாவது சுமார் 227 கிராம் எடுக்க, இரண்டு டன்னுக்கு மேல் பன்றியின் உறுப்புகள் தேவைப்பட்டன. பன்றி இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஒரே ஓர் அமினோ அமிலத்தில் வேறுபடும், மாட்டினுடையது மூன்றில். அதனால் வேலை செய்தது, ஆனால் சிலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டி சொல்வது அவர் காலத்துச் செய்தி. அவரைக் கேலி பண்ணாதீங்க.

நிலைமையை மாற்றியது மறுசேர்க்கை டி.என்.ஏ. என்ற நுட்பம். பெயர்தான் பெரிது, வேலை வெட்டி ஒட்டுவதுதான்.

இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள், இரண்டு சங்கிலிகள்: 'ஏ' சங்கிலியில் 21, 'பி' சங்கிலியில் 30. எதற்கு அடுத்து எது வரவேண்டும் என்ற குறிப்பு டி.என்.ஏ.வில் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் இருக்கிறது. மனிதனுக்கும் பாக்டீரியாவுக்கும் இந்த நான்கு எழுத்துகள் பொது. அவற்றைப் படிக்கும் முறையும் பொது. இது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். நம் குறிப்பை பாக்டீரியாவிடம் கொடுத்தால், யாருடையது என்று கேட்காமல் அது செய்து கொடுத்துவிடும்.

கொடுப்பது எப்படி? கத்தரிக்கோல் வேண்டும். பாக்டீரியாக்கள் தங்களைத் தாக்கும் வைரஸின் டி.என்.ஏ.வை வெட்டுவதற்கு வைத்திருக்கும் நொதிகளே அந்தக் கத்தரி. ஈகோ ஆர் ஒன் என்ற நொதி, ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறு எழுத்து வரும் இடத்தை மட்டும் தேடி வெட்டும். டி.என்.ஏ. இரட்டை இழை இல்லையா? எதிர் இழையை அதன் திசையில் படித்தாலும் அதே ஆறு எழுத்து வரும். 'விகடகவி' என்ற சொல்லை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றுதானே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இரண்டு இழையிலும் ஜி-க்கு அடுத்து வெட்டுவதால் வெட்டு நேராக விழாது. இரு பக்கமும் நான்கு எழுத்து வால் மாதிரி நீட்டிக்கிட்டு நிற்கும். அதே நொதியால் வெட்டிய எந்த டி.என்.ஏ.வும், எந்த உயிரிலிருந்து வந்தாலும், அந்த வாலோடு போய் ஒட்டிக்கொள்ளும். லைகேஸ் என்ற இன்னொரு நொதி அந்த இணைப்பை உறுதியாக்கும்.

ஒட்டுவதற்கு இடம் பிளாஸ்மிட். பாக்டீரியாவுக்குள் இருக்கும் சின்ன வட்ட டி.என்.ஏ. அது. ஸ்டான்லி கோஹனுக்கு பிளாஸ்மிட் தெரியும், ஹெர்பர்ட் போயருக்கு வெட்டும் நொதி தெரியும். 1972-இல் ஹவாயில் ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில், இரவு ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசித் திட்டம் போட்டார்கள். நம்ம ஊராக இருந்திருந்தால் மாமாக் கடைதான். அடுத்த ஆண்டே செய்து காட்டிவிட்டார்கள்.

கோடிக்கணக்கான பாக்டீரியாவில் எது புது பிளாஸ்மிட்டை வாங்கிக்கொண்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்றையும் அந்தப் பிளாஸ்மிட்டில் சேர்த்து வைத்திருப்பார்கள். பிறகு அந்த மருந்தைப் போட்டால், வாங்கிக்கொண்டது மட்டும் பிழைக்கும்.

1978-இல் ஜெனன்டெக் நிறுவனமும் கலிபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மையமும் சேர்ந்து ஈ.கோலி பாக்டீரியாவை மனித இன்சுலின் செய்ய வைத்தன. இங்கே கவனியுங்க: அந்த மரபணுவை அவர்கள் எந்த மனித உடம்பிலிருந்தும் எடுக்கவில்லை. வரிசை தெரியும் என்பதால், ஆய்வகத்தில் இரசாயனங்களைக் கொண்டு எழுத்து எழுத்தாகக் கோத்தார்கள். 'மனித இன்சுலின்' என்ற பெயரைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. அந்தப் பெயர் அது எந்த வடிவம் என்பதைச் சொல்கிறது, எங்கிருந்து எடுத்தது என்பதை அல்ல.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்த தந்திரம் ஒன்று. சின்னப் புரதத்தைத் தனியாகச் செய்ய விட்டால் பாக்டீரியா அதைக் குப்பை என்று நினைத்துச் சிதைத்துவிடும். அதனால் அதை ஒரு பெரிய புரதத்தின் வாலில் கட்டினார்கள். சரி, பிறகு கழற்ற வேண்டுமே? இரண்டும் சேரும் இடத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை வைத்தார்கள். சயனோஜன் புரோமைடு என்ற இரசாயனம் மெத்தியோனினுக்கு அடுத்தாற்போல்தான் வெட்டும். இன்சுலினின் 51-இல் ஒன்றுகூட மெத்தியோனின் கிடையாது! ஆகவே இன்சுலின் சேதமாகாமல் கழன்று வரும். 'ஏ', 'பி' இரண்டையும் தனித்தனியாக இப்படி எடுத்துப் பிறகு இணைத்தார்கள். 1982 அக்டோபரில் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. எலி லில்லி நிறுவனம் ஹியூமுலின் என்ற பெயரில் விற்றது.

ஆய்வகக் குடுவையில் வந்துவிட்டால் போதுமா? எங்கள் வேலை அங்கேதான் தொடங்குது. நல்ல சூழலில் ஈ.கோலி 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். ஒன்று ஏழு மணி நேரத்தில் 20 இலட்சத்தைத் தாண்டும். அத்தனையும் மூச்சுவிட ஆக்சிஜன் கேட்கும், வெப்பத்தை வெளியே தள்ளும். பெரிய தொட்டியில் காற்றை ஊதி, கலக்கி, குளிர வைக்காவிட்டால் எல்லாம் செத்துப் போகும். கடைசியில் செல்களை உடைத்து, இன்சுலினைப் பிரித்து, பல கட்டமாகச் சுத்தம் செய்வார்கள். ஊசிக்குள் வருவது அந்தப் புரதம்தான், பாக்டீரியா அல்ல. ஜொகூர் இஸ்கண்டார் புத்ரியில் பெங்களூரு பயோகான் நிறுவனத்தின் ஆலை ஒன்று இருக்கிறது. அங்கே பாக்டீரியாவுக்குப் பதில் பிகியா என்ற ஈஸ்ட்டை வைத்து இன்சுலின் செய்கிறார்கள்.

ஆகவே அம்மாமார்களுக்குப் பதில்: இன்று நமக்குப் பொதுவாகக் கிடைக்கும் இன்சுலின் பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ செய்தது. மாட்டுக் கணையமும் இல்லை, பன்றிக் கணையமும் இல்லை. உற்பத்தியின் நடுப்படிகளில் புரதத்தை வெட்டுவதற்கு விலங்கிலிருந்து எடுத்த நொதியைப் பயன்படுத்தும் வழக்கமும் இருந்தது. அந்த அளவுக்குக் கண்டிப்பானவர்கள் மருந்தின் பெயரைச் சொல்லி மருந்தாளரிடம் கேட்கலாம். கேட்டு முடிக்கும் வரை ஊசியை நிறுத்த வேண்டாம். வீட்டில் சொல்லும்போது டி.என்.ஏ.வில் ஆரம்பிக்காதீங்க, பாதியில் எழுந்து போய்விடுவாங்க. "தோசை மாவு புளிக்கிற மாதிரி, கண்ணுக்குத் தெரியாத கிருமி செய்து கொடுக்குது" என்று சொன்னால் புரியும்.

இதே நுட்பம் நம் கையிலும் ஏறியிருக்கு. மலேசியாவில் 1989-இலிருந்து குழந்தைகளுக்கு ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி போடுகிறார்கள். இன்று போடுவதில் உள்ளது வைரஸின் மேலுறைப் புரதம் மட்டுமே, ஈஸ்ட் செய்து கொடுத்தது.

சைவமாக இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி, சீஸ். பாலைத் திரிய வைக்கும் கைமோசின் நொதியை முன்பு கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்தார்கள். 1990-இல் நுண்ணுயிர் செய்த கைமோசினுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இன்று பெரும்பாலான சீஸ் ஆலைகளில் அதுதான். குறிப்பு கன்றினுடையதுதானே என்று சிலர் வாதிடலாம். ஒரு முறை எடுத்த குறிப்பை நுண்ணுயிர் தானே படியெடுத்துக்கொள்கிறது, பிறகு எந்தக் கன்றும் தேவையில்லை. எனக்கு அது போதும். ஆனால் பழைய முறைப்படி செய்த சீஸும் கடையில் இருக்கு. வாங்கும்போது சைவர்களுக்கு உகந்தது என்ற குறி இருக்கிறதா என்று பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. சீஸ் நான் போடுகிற மாமாக் கடை அண்ணனிடம் கேட்டால் அவருக்குத் தெரியாது.