வெள்ளைக் கோடு சொல்லும் அடையாளம்

கேள்வி: விமானி அறையின் படத்தை வைத்தே எந்த விமானம் என்று சொல்ல முடியுமா?
– வாசகர், மண்ணரை, திருப்பூர்

பதில்: பெரும்பாலும் முடியும். முதலில் நிறம். சாயப்பட்டறை ஊர்க்காரரான உங்கள் கண்ணுக்கு அது உடனே பிடிபடும். நீலப்பச்சைப் பூச்சு என்றால் அநேகமாக ரஷ்யத் தயாரிப்பு. கருவிப் பலகை நடுவே செங்குத்தாக வெள்ளைக் கோடும் இருந்தால் மிக்-21 போன்ற போர்விமானம். விமானம் சுழன்று விழும்போது கட்டுப்பாட்டுத் தடியை அந்தக் கோட்டுக்கு நேராகத் தள்ளவேண்டும். உயிர்காக்கும் கோடு அது!

அடுத்து, வேகநெம்புகோல்களை எண்ணுங்கள். பொதுவாக எஞ்சினுக்கு ஒன்று. அரக்கோணத்தில் 2017 வரை பறந்த கடற்படையின் டியூ-142 விமானத்துக்கு நான்கு எஞ்சின்கள். உங்கள் பக்கத்துச் சூலூரில் நிற்கும் தேஜஸுக்கு ஒன்றுதான். அதில் விமானிக்கு எதிரே மூன்று திரைகள், கால்களுக்கு நடுவே கட்டுப்பாட்டுத் தடி. எஃப்-16 போர்விமானத்தில் அந்தத் தடி வலக்கைப் பக்கம் இருக்கும்.