தோல் புற்றுநோயும் மனநலமும்: நோயாளியும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

திசுப் பரிசோதனை முடிவில் ‘புற்றுநோய்’ என்னும் சொல்லைக் கேட்டபின், மருத்துவர் கூறும் மற்றவை பலருடைய மனத்தில் நிற்பதில்லை. இஃது இயல்பானதே. ஆகவே, முடிவைக் கேட்க வரும்போது உறவினர் ஒருவரை உடன் அழைத்து வருமாறும், கூறப்படுவனவற்றைக் குறித்துக்கொள்ளுமாறும் நாங்கள் வேண்டுகிறோம். அதே வினாக்களை மறுமுறை கேட்பதில் தவறேதும் இல்லை.

ஒரு சொல், பல நோய்கள்

அச்சத்தின் பெரும்பகுதி, தோல் புற்றுநோய் அனைத்தையும் ஒன்றாக எண்ணுவதால் விளைகிறது. அடித்தளச் செல் புற்றுநோய் பெரும்பாலும் முகத்தில் தோன்றி மெதுவாக வளரும்; பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. செதிள் செல் புற்றுநோய் பழைய தீக்காயத் தழும்பிலும் நாட்பட்ட ஆறாத புண்ணிலும்கூடத் தோன்றலாம். தொடக்கத்திலேயே அகற்றினால் பெரும்பாலும் குணமாகும். நிறமிச் செல்களில் தொடங்கும் மெலனோமா, நம் நாட்டவரிடம் அதிகம் காணப்படுவதன்று. ஆயினும் விரைந்து பரவக்கூடியது. எனவே, “எனக்கு வந்திருப்பது எந்த வகை? எந்த நிலையில் உள்ளது? பரவியுள்ளதா?” என்னும் மூன்று வினாக்களை எழுதி எடுத்து வாருங்கள். தெளிவான விடை, உருவமற்ற அச்சத்திற்கு ஓர் எல்லையை வகுக்கும்.

“முன்பே வந்திருக்கலாமே”

உள்ளங்காலில் கருமையான புண்ணுடன் எங்களிடம் வந்த ஓர் அம்மையார், அதனைக் கால் ஆணி என்றெண்ணி ஓராண்டுக் காலம் பிளாஸ்திரி ஒட்டி வந்தவர். நோயைக் காட்டிலும் அந்த ஓராண்டே அவரை வருத்தியது. அவருக்கு நாங்கள் கூறியதை அனைவருக்கும் கூறுகிறோம்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வரும் மெலனோமாவிற்கும் வெயிலுக்கும் வலுவான தொடர்பு இல்லை. அது கால் ஆணியாகவோ இரத்தக் கட்டாகவோ தோற்றமளித்து, பழகிய கண்களையும் ஏமாற்றிவிடும். குற்ற உணர்வு கடந்த காலத்தை மாற்றாது. சிகிச்சைக்கு வேண்டிய மனவலிமையைத்தான் குறைக்கும்.

வெட்கமும் விலகலும்

அதே அம்மையார், மகன் அறையை விட்டு வெளியே சென்றதும் செவிலியரிடம் கேட்ட முதல் வினா: “பேத்தியைத் தூக்கலாமா?” பல நாட்களாக அவர் குழந்தையைத் தொடாமல் இருந்திருக்கிறார். தோல் புற்றுநோய் தொற்றுநோய் அன்று. தொடுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, உடன் உறங்குவதாலோ பரவாது. வீட்டில் தனித் தட்டும் தனிப் பாயும் ஒதுக்குவது நோயாளியின் மனத்தில் நோயினும் ஆழமான காயத்தை உண்டாக்கும். மகளின் திருமணம் தடைபடுமோ என்ற அச்சத்தால் நோயை மறைக்கும் குடும்பங்களும் உள்ளன. மெலனோமாவிலும் சிறுபகுதியே குடும்பவழி வருவது. ஐயம் இருப்பின் மருத்துவரிடம் கேட்டறிக.

மறைத்தல் தீர்வாகாது

“அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்” என்று அந்த மகனும் எங்களிடம் வேண்டினார். அன்பினால் எழுந்த வேண்டுகோள் அது. ஆனால் அம்மையார் முன்பே அறிந்திருந்தார். மகன் வருந்துவாரென்று அறியாதவர்போல் இருந்தார். இருவரும் ஒரே வீட்டில் தனித்தனியே அஞ்சிக்கொண்டிருந்தனர். நோயாளி எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்பது நலம். மருத்துவரின் முன்னிலையில் பேசுவது இருவருக்கும் எளிது.

சிகிச்சைக்குப் பின்

அறுவை முடிந்ததும் மனச்சுமை நீங்கிவிடும் என எதிர்பார்க்க வேண்டா. முகத்துத் தழும்பைக் கண்ணாடியில் காண அஞ்சுவோரும், விரல் இழந்த பாதத்தை மறைத்து நடப்போரும் உண்டு. முதன்முறை கட்டுப் பிரிக்கும்போது செவிலியரும் குடும்பத்தாரும் உடனிருப்பது உதவும். மறுபரிசோதனை நாள் நெருங்கும்போது அச்சம் மிகுவதும் இயல்பே. சிலர் ஒரே நாளில் பலமுறை மச்சங்களைச் சோதிப்பர். அஃது அமைதி தராது. மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் உடல் முழுவதையும் பார்த்து, மாற்றம் இருந்தால் குறித்துவைத்துத் தெரிவிப்பது போதுமானது.

உதவி நாட வேண்டிய நேரம்

உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, ஓயாத அழுகை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். மனச்சோர்வு கோழைத்தனம் அன்று. ஆலோசனையாலும், தேவைப்பட்டால் மருந்தாலும் குணப்படுத்தக்கூடிய நிலை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள். அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416, இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். நோயாளியைக் கவனிக்கும் குடும்பத்தாரும் சோர்வுறுவர். இவ்வுதவி அவர்களுக்கும் உரியது.

அடுத்த முறை மருத்துவர் “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்கும்போது, புண்ணைப் பற்றி மட்டுமன்றி உறக்கத்தைப் பற்றியும் கூறுங்கள். அதையும் கேட்பதற்கே நாங்கள் இருக்கிறோம்.