தாங்க முடியாத வயிற்றுவலி: குடலுக்கு ரத்தம் நின்றுபோனால்



மருத்துவ உதவி கேட்டு நமது டிரஸ்ட்டுக்கு வந்த மனுக்களில் ஒன்றை எங்களால் மறக்க முடியவில்லை. 68 வயதுப் பெரியவர். பல வருடங்களாக இதயத்துடிப்பு சீராக இல்லாதவர். ரத்தம் உறையாமல் இருக்க டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையை, "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று இரண்டு வாரமாக நிறுத்தியிருந்தார்.

ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு தொப்புளைச் சுற்றித் திடீரென்று கடுமையான வலி, ஒருமுறை வாந்தி. வீட்டில் கேஸ் என்று நினைத்து ஓமத் தண்ணீரும் சோடாவும் கொடுத்தார்கள். இரவு ஒரு கிளினிக்கில் வயிற்றை அழுத்திப் பார்த்தபோது மெத்தென்று இருந்தது. எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. வலி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மதியம் பெரிய மருத்துவமனைக்குப் போனபோது சிறுகுடலின் பெரும்பகுதி கருத்துப் போயிருந்தது. ஆபரேஷன் செய்தும் மூன்றாம் நாள் மௌத்தாகிவிட்டார். ஆபரேஷனுக்கு வாங்கிய கடனை அடைக்கத்தான் பிள்ளைகள் நம்மிடம் மனு கொடுத்தார்கள்.

இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது என்பதால், அந்தக் குடும்பத்தின் சம்மதத்துடன் இதை எழுதுகிறோம்.

இது என்ன நோய்?

சிறுகுடல் ஏறக்குறைய 20 அடி நீளம். அதன் பெரும்பகுதிக்கு ஒரே ஒரு முக்கிய ரத்தக்குழாய்தான் ரத்தம் கொண்டுபோகிறது. அந்தக் குழாய் திடீரென்று அடைபட்டால் குடல் உயிரிழக்கத் தொடங்கும். இதயத்துக்கு மாரடைப்பு போல, மூளைக்குப் பக்கவாதம் போல, குடலுக்கு இது. டாக்டர்கள் இதை மெசென்ட்ரிக் இஸ்கீமியா என்பார்கள். முழு அடைப்பாக இருந்தால் சுமார் ஆறு மணி நேரத்திலேயே குடல் மீட்க முடியாதபடி கெட்டுவிடலாம். இது அபூர்வமான நோய்தான். ஆனால் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் உயிரிழக்கும் அளவுக்குக் கொடியது. தாமதமாகத் தெரியவருவதே அதற்கு முக்கியக் காரணம்.

யாருக்கு வரும்?

1. சீரற்ற இதயத்துடிப்பு உள்ளவர்களுக்கு. இதயத்துக்குள் உறைந்த ரத்தக்கட்டி ஒன்று கிளம்பிப் போய்க் குடல் குழாயை அடைக்கிறது. நோய் வரும் முக்கிய வழிகளில் இதுவும் ஒன்று. சிறுவயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கியவர்களும், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் இதில் அடங்குவர்.

2. புகைபிடிப்பவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு உள்ளவர்களுக்கு. குழாயில் கொழுப்பு படிந்து மெல்ல அடைபடும். சாப்பிட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் வயிறு வலிப்பதும், அதற்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்து உடல் மெலிவதும் முன்னறிவிப்பு. இவர்கள் இப்போதே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

3. ரத்தம் எளிதில் உறையும் தன்மை உள்ளவர்களுக்கு. இவர்களுக்குக் குடலிலிருந்து ரத்தம் திரும்பும் குழாய் அடைபடும். இளவயதினருக்கும் வரலாம்.

எப்படி அறிவது?

நோயாளி வலியில் துடிப்பார். ஆனால் வயிற்றைத் தொட்டால் மென்மையாக இருக்கும். வலிக்கும் வயிற்றுக்கும் பொருத்தமே இல்லாத இந்த நிலைதான் முதல் அடையாளம். தொடக்கத்தில் வாந்தியும் பேதியும் வரலாம். அதனால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடுகிறோம். சில மணி நேரம் கழித்து வலி குறைந்தாலும் நிம்மதி அடையாதீர்கள். குடல் செத்துக்கொண்டிருக்கும்போதும் வலி குறையும். வயிறு உப்பிக் கல்லாவதும், மலத்தில் ரத்தம் போவதும் பிந்திய அடையாளங்கள். அதுவரை காத்திருக்கக் கூடாது.

எந்தச் சோதனை? என்ன சிகிச்சை?

ஆரம்ப நேரத்தில் எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாமே சரியாக இருக்கலாம். நோயை உறுதியாகக் காட்டுவது, ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம். அந்த மருந்து கிட்னியைப் பாதிக்குமோ என்று பல குடும்பங்கள் தயங்குகின்றன. கிட்னிக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் உயிர் போகும் நிலையில் அதற்காகச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே மருத்துவர்களின் பொதுக் கருத்து.

நோய் உறுதியானதும் சலைன் ஏற்றி, கிருமிக்கொல்லி மருந்தும் ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரினும் கொடுப்பார்கள். பிறகு ஆபரேஷன் மூலமோ, குழாய்க்குள் மெல்லிய டியூப் செலுத்தியோ அடைப்பை நீக்குவார்கள். செத்துப்போன குடல் பகுதியை வெட்டி எடுப்பார்கள். மீதிக் குடல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒன்றிரண்டு நாளில் வயிற்றை மறுபடியும் திறக்க வேண்டியிருக்கலாம். இது முதல் ஆபரேஷன் தவறிவிட்டது என்று அர்த்தமல்ல. சிகிச்சையின் ஒரு பகுதிதான். சிரையில் அடைப்பு என்றால் பலருக்கு மருந்தே போதுமானதாக இருக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

• ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். பல் பிடுங்குவதாக இருந்தாலும் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

• ரமலானில் நோன்பு வைக்க விரும்பினால் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றலாம் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்பதில் குறையில்லை.

• இதய நோயாளிக்குத் திடீரென்று கடுமையான வயிற்றுவலி வந்தால் கை வைத்தியம் வேண்டாம். சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் கொடுக்காமல், 108-ஐ அழைத்து, சிடி ஸ்கேனும் ஆபரேஷன் வசதியும் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.

• டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது: "இவருக்கு இதயத்துடிப்பு சீராக இல்லை, இந்த மாத்திரை சாப்பிடுகிறார், வலி இத்தனை மணிக்கு ஆரம்பித்தது." குடலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்கும்படி தயங்காமல் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

வீட்டில் இதய நோயாளி இருந்தால், அவருடைய நோயையும் மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதி அவரது பையிலேயே வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் டாக்டரின் சீட்டுடன் நமது அலுவலகத்துக்கு வந்தால் எழுதித் தருகிறோம். மருந்து வாங்கப் பணமில்லாமல் மாத்திரையை நிறுத்த நினைப்பவர்களும், நிறுத்துவதற்கு முன்பே எங்களிடம் வாருங்கள். இன்ஷா அல்லாஹ், எங்களால் முடிந்ததைச் செய்கிறோம்.