கேள்விச் செல்வமும் புத்தகத் திருவிழாவும்

திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ‘கேள்வி’ என்று வேறோர் அதிகாரமும் வகுத்தார். நூலைப் படிப்பதோடு, அறிந்தவர் சொல்லக் கேட்பதும் கல்வியே என்பது நம் முன்னோர் கொள்கை. இக்காலத்தில் அதற்கு இடம் தருபவை புத்தகத் திருவிழாக்களும் இலக்கியத் திருவிழாக்களும் ஆகும். அவை வளர்ந்த வரலாற்றையும், மாணவியராகிய நாம் அவற்றால் பயன்பெறும் வழியையும் இங்கே காண்போம்.

நூலை அவையில் அரங்கேற்றுவது தமிழர் பழவழக்கம். தொல்காப்பியம் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் பாயிரம் கூறுகிறது. அரசவையில் புலவர்கள் மட்டும் கேட்ட இலக்கியம் பிற்காலத்தில் பொதுமேடைக்கு வந்தது. 1939-ஆம் ஆண்டு காரைக்குடியில் சா. கணேசன் தொடங்கிய கம்பன் திருவிழா இதற்குச் சிறந்த சான்று.

1977-ல் சென்னை அண்ணாசாலையில் உள்ள ஒரு பள்ளியில் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்கியது. நெய்வேலியில் 1998-லும், ஈரோட்டில் 2005-லும் புத்தகத் திருவிழாக்கள் தோன்றின. 2022-23-ல் தமிழக அரசு பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி, சென்னை என்ற பெயர்களில் ஐந்து இலக்கியத் திருவிழாக்களை நடத்தியது. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்தும் முயற்சியும் அக்காலத்திலேயே விரிவடைந்தது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் ஹே என்னும் சிற்றூர் உள்ளது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே வாழும் அவ்வூரில் 1988 முதல் நடைபெறும் இலக்கிய விழாவுக்கு உலக எழுத்தாளர்கள் வருகிறார்கள். எனவே ஊர் சிறியது என்று நாம் தயங்க வேண்டியதில்லை.

எழுத்தாளரை நேரில் கேட்பதால் என்ன பயன்? நம் கண்டமங்கலத்திற்கு அண்மையிலுள்ள புதுச்சேரியைச் சேர்ந்தவர் பிரபஞ்சன். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அடிப்படையாகக் கொண்டு அவர் எழுதிய ‘வானம் வசப்படும்’ 1995-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அத்தகைய நாவலைப் படிக்கும்போது, எது வரலாறு, எது கற்பனை என்ற ஐயம் எழும். 2018-ல் மறைந்த அவரிடம் இனி நாம் கேட்க இயலாது. ஆனால் இன்று மேடையேறும் எழுத்தாளர்களிடம் இதுபோன்ற ஐயங்களைக் கேட்கலாமே! அதற்கு மூன்று செயல்கள் போதும். பேச வருபவரின் நூல் ஒன்றையேனும் முன்பே படிக்க வேண்டும். ஒரு கேள்வியை எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். கேட்டதை அன்றிரவே குறிப்பேட்டில் எழுத வேண்டும். இவையின்றிச் சென்றால் கூட்டத்தைப் பார்த்துத் திரும்புவோம், அவ்வளவே.

இங்கே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பெரும்பாலும் பகலில் பள்ளிப் பிள்ளைகள் கடைகளைச் சுற்றிப் பார்க்கிறோம். எழுத்தாளர் சொற்பொழிவோ மாலையில்தான். அண்ணனும் தம்பியும் தங்கிக் கேட்பார்கள். பெண் பிள்ளைகள் மட்டும் பொழுது சாயுமுன் பஸ் ஏற வேண்டும். உங்கள் அச்சத்தை நாங்கள் அறிவோம். அதை மீறச் சொல்லவில்லை. எங்களோடு வாருங்கள் என்றே அழைக்கிறோம். அம்மாவும் மகளும் சேர்ந்து கேட்ட பேச்சு, வீட்டில் பல நாள் பேச்சாக வளரும். அதற்கும் வழியில்லையெனில், எழுத்தாளர் ஒருவரை ஆண்டுக்கு ஒருமுறை பகல் வேளையில் பள்ளிக்கு அழைக்குமாறு நம் அருட்சகோதரியரைப் பணிவுடன் வேண்டுகிறோம்.

திருவிழா சில நாட்களில் முடிந்துவிடும். நூலகம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். சென்னை மாகாணத்தில் 1948-ல் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழியே சொத்து வரியுடன் நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. ஆகவே நூலகம் நம் பெற்றோர் செலுத்தும் வரியால் நடப்பது. அங்குள்ள நூல்கள் நமக்கு உரியவை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோகும் பெண்ணுக்கும் அதன் கதவு அடைபடுவதில்லை.

தோழியரே, செவியால் கேட்டதைக் கண்ணால் படித்து உறுதி செய்வோம். படித்ததை நம் வீட்டில் எழுத்தறியாதவருக்கும் சொல்வோம். அப்போது அவர்களும் கேள்விச் செல்வம் பெறுவார்கள்.